கேட்டு வாங்கிய பறை

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மதுரைக்கு வடக்கே ஒரு கண்மாய்க்கரையில், வெயில் தாழ்ந்து காற்றில் ஈரம் ஏறத் தொடங்கிய வேளையில், 14 இளைஞர்களும் இளம்பெண்களும் வைக்கோலையும் காய்ந்த பனையோலையையும் குவித்துத் தீ மூட்டிவிட்டு, ஆளுக்கொரு பறையை அந்தத் தீயின் முன் பிடித்தபடி குந்தியிருந்தார்கள். சுவாலை தொடாமல், ஆனால் அனல் தோலின் எல்லாப் பக்கமும் சமமாகப் படும்படி வட்டத்தை மெல்லத் திருப்பிக் காட்டுவதும், இடையிடையே விரலால் சுண்டிப் பார்ப்பதும், தலையைச் சாய்த்து அந்த ஓசைக்குச் செவி கொடுப்பதுமாக அவர்கள் ஈடுபட்டிருந்த காட்சி, குழந்தைக்குச் சுரம் விட்டதா என்று நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கும் தாயாரை எனக்கு நினைவூட்டிற்று. தொளதொளத்திருந்த நாதம் சிறிது சிறிதாக இறுகி, கடைசியில் ஒரு பெண்ணின் கையிலிருந்த பறை கணீரென்று பேசியபோது, அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவள் என் அண்ணன் மகள்.

வயது 19. வணிகவியல் படிக்கிறாள். கல்லூரி விழாவொன்றில் பறையாட்டத்தைக் கண்டுவிட்டு வந்தவள், மறுவாரமே அந்தக் குழுவின் ஆசானைத் தேடிப் போய்த் தன்னையும் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டுவிட்டாள். செய்தி வீட்டுக்கு எட்டியபோது உண்டான கலக்கம் சாமானியமானதன்று. வீணை கற்கப் போகிறேன் என்றிருந்தால் அன்றைக்கே நல்ல நாள் பார்த்திருப்பார்கள். பரதநாட்டியம் என்றிருந்தால் சலங்கைக்குப் பணம் எடுத்து வைத்திருப்பார்கள். பறை என்ற சொல் காதில் விழுந்ததும், "சாவு வீட்டுல அடிக்கிறதப் போயி பொம்பளப் பிள்ள தோள்ல மாட்டுறதா?" என்று அவளுடைய அப்பத்தா, அதாவது என் தாயார், வாய்விட்டுச் சொன்னார். அவர் சொல்லாமல் விட்ட காரணம் ஒன்று உண்டு. அது வீட்டிலிருந்த எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அண்ணன் என்னைத் தனியே கூப்பிட்டு, "நீ ஒரு நடை போய்ப் பாத்துட்டு வா" என்றார். அப்படித்தான் நான் அந்தக் கண்மாய்க்கரைக்குப் போனேன். ஒருமுறை போனவன், அதன்பின் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் போனேன்.

தோலும் மரமும் நெருப்பும்

பார்வைக்குப் பறையைப் போல் எளிய வாத்தியம் வேறில்லை. ஏறக்குறைய 35 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு மரவட்டம். வேம்பிலோ பலாவிலோ வளைவாகச் செதுக்கிய மூன்று துண்டுகளை உட்புறத்தில் இரும்புத் தகடு வைத்து இணைத்தால் அந்த வட்டம் உருவாகும். அதன் ஒரு முகத்தில் புளியங்கொட்டைப் பசை தடவி மாட்டுத்தோலை இழுத்து ஒட்டுவார்கள். மறுமுகம் திறந்தே கிடக்கும். மிருதங்கத்துக்கு வார் உண்டு, தவிலுக்கு வளையம் உண்டு. பறைக்குச் சுருதி கூட்டும் கருவி நெருப்பு ஒன்றுதான். தோல் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித் தளர்கிறது. அனல் அந்த ஈரத்தைப் போக்க, தோல் சுருங்கி இறுகி, குரல் மேலே ஏறுகிறது. சிறிது நேரம் வாசித்தபின் மீண்டும் தளரும். மீண்டும் காய்ச்ச வேண்டும். மழைக்கால மேடைகளில் இந்தச் சிரமத்துக்கு அஞ்சியே இப்போது பிளாஸ்டிக் முகம் வைத்த பறைகள் பெருகியிருக்கின்றன. அவற்றுக்குத் தீ வேண்டியதில்லை என்பது சௌகரியந்தான். ஆயினும், வாசிப்பதற்கு முன்னால் அத்தனை பேரும் ஒரே நெருப்பைச் சுற்றிக் கூடி உட்காரும் அந்த அரைமணி நேரமும் அவற்றோடு போய்விடுகிறது என்று ஆசான் சொன்னபோது, அவர் எதை இழப்பென்று கருதுகிறார் என்பது எனக்கு விளங்கிற்று.

இடக்கையில் சிண்டுக்குச்சி என்றும் சிம்புக்குச்சி என்றும் சொல்லப்படுகிற, மூங்கிலில் சீவிய மெல்லிய நீண்ட குச்சி; வலக்கையில் பூவரசங்கிளையிலிருந்து எடுத்த, குட்டையான, கனத்த அடிக்குச்சி. மூங்கில் சுளீரென்று சொடுக்கும். பூவரசு ஆழமாக முழங்கும். அந்த இரண்டு குரல்களின் உரையாடலிலிருந்து பிறப்பவைதாம் எல்லா அடிகளும். சப்பரம் புறப்படுவதற்குச் சப்பரத்தடி, திருவிழாவை ஊருக்கு அறிவிப்பதற்குச் சாமிச்சாட்டு அடி, அருள் வந்து ஆடுவோருக்கு மருள் அடி, துக்கத்துக்கு மாரடிப்பு அடி, மங்களத்துக்கு வாழ்த்தடி, இவற்றோடு ஒத்தையடி, பாடம் அடி, டப்பா அடி, ஜாயிண்ட் அடி, சினிமா அடி என்று பழமையும் புதுமையும் கலந்து நீளும் அந்தப் பெயர்வரிசை, ஒரு கிராமத்தின் ஜனனம் முதல் மரணம் வரையிலான ஜீவிதம் முழுவதையும் தோலின்மேல் எழுதிவைத்த அட்டவணை போலவே எனக்குத் தோன்றிற்று.

பக்கத்துக் கை

முதல் ஒரு மாதம் அவளுக்குப் பறை கொடுக்கப்படவில்லை. அடியைச் சொற்கட்டாக ஆசான் வாயால் சொல்ல, அவர்கள் திரும்பச் சொல்ல வேண்டும். சொன்னதைக் கைதட்டிக் காட்ட வேண்டும். தட்டியதைக் காலுக்கு இறக்கி அடவாக வைக்க வேண்டும். வாயும் கையும் காலும் ஒன்றுபட்ட பிறகே குச்சி. குச்சி வசப்பட்ட பிறகே பறை. ஏட்டில் எழுதிப் படித்தே பழகிய தலைமுறைக்கு இது கடினமான அப்பியாசம். குழுவில் கைப்பேசி பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்யும் பையன் ஒருவன் இருக்கிறான். செவிலியர் படிப்புப் படிக்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள். அப்பாவும் தாத்தாவும் பறையடித்த வீட்டுப் பிள்ளைகள் ஐந்தாறு பேர். பறையைத் தொட்டே அறியாத வீட்டுப் பிள்ளைகளும் அதே அளவு. எவன் எங்கிருந்து வந்தான் என்பதை அந்த வட்டத்தில் யாரும் கேட்பதில்லை. ஆனால், பறை கேட்டே வளர்ந்த பிள்ளையின் மணிக்கட்டு இரண்டு நாளில் கண்டுகொள்வதை மற்றவர்கள் இரண்டு மாதத்தில் கண்டுகொள்கிறார்கள் என்பது மட்டும் பார்க்கும் எவருக்கும் புலப்படும். அந்த இடத்தில், கல்லூரியில் படிக்கிறவள் கடைப்பையனிடம் கேட்டுக் கற்றுக்கொள்ள நேர்கிறது.

என் அண்ணன் மகளுக்குத் தொடக்கத்தில் ஒரு குறை இருந்தது. தனியே வாசித்தால் பிழையில்லாமல் வாசிப்பாள்; கூட்டத்தில் நின்றால் இரண்டு சுற்றுக்குள் முந்திவிடுவாள். மேலும் மேலும் கவனமாக எண்ணத் தொடங்கினாள். எண்ண எண்ண விலகல் அதிகமாயிற்று. ஒரு நாள் ஆசான் எல்லாரையும் நிறுத்திவிட்டு அவளிடம் சொன்னார்: "ஒன் கையக் கேக்காத தாயி. பக்கத்துக் கையக் கேளு." அவ்வளவுதான். அவள் கண்ணை மூடிக்கொண்டு பக்கத்திலிருந்த பையனின் அடியைக் கேட்டு அதற்குள் தன் அடியை வைத்தாள். பத்துச் சுற்றுக்கு மேல் போனது, விலகவில்லை. சங்கீத சாஸ்திரத்தில் லயசுத்தம் என்று வழங்கும் அரிய குணத்துக்கு இதைவிடத் தெளிவான வியாக்கியானத்தை நான் எந்தச் சபையிலும் கேட்டதில்லை. ஒரு குழுவில் சேர்வதென்பது பெயர்ப்பட்டியலில் பெயர் ஏறுவதன்று. தன் கையின் ஓசை தனக்குக் கேளாமற்போய், எல்லாருடைய ஓசையும் ஒன்றாகக் கேட்கத் தொடங்கும் அந்தக் கணத்திலேதான் ஒருவர் உண்மையில் சேருகிறார்.

ஒரு சொல்லின் பிரயாணம்

பறைதல் என்றால் சொல்லுதல். யாழ்ப்பாணத்திலும் குமரி மாவட்டத்திலும் அந்த வினை இன்னமும் பேச்சில் உயிரோடிருக்கிறது. மலையாளத்துக்கோ அதுவே அன்றாடச் சொல். சொல்லும் கருவியாதலால் பறை என்று பெயர் பெற்ற இந்த வாத்தியத்தைத் தொல்காப்பியர், தெய்வத்தோடும் உணவோடும் விலங்கோடும் மரத்தோடும் யாழோடும் ஒருசேர நிலத்தின் கருப்பொருள்களுள் ஒன்றாக எண்ணினார். பின்வந்த இலக்கணிகள் குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை என்று நிலந்தோறும் பெயர் பிரித்துச் சொன்னார்கள். பறையில்லாத நிலம் ஒன்றைத் தமிழ் இலக்கணம் கற்பனை செய்யவே இல்லை. புறநானூற்றின் 194-ஆம் பாட்டில் பக்குடுக்கை நன்கணியார், ஒரு வீட்டில் சாவுப்பறை ஒலிக்க இன்னொரு வீட்டில் மணமுழவு ஒலிக்கும் உலகத்தின் கொடுமையை எண்ணி மனம் நோகிறார். இரண்டு வீட்டுக்கும் முழக்கம் உண்டு என்பதே அந்தப் பாட்டின் அடியிலிருக்கும் செய்தி.

அப்படிப்பட்ட கருவி காலப்போக்கில் ஒரு சாதியின் தலையிலே சுமத்தப்பட்டு, அந்தச் சாதியின் பெயரே இழிசொல்லாகத் திரிக்கப்பட்டு, ஆங்கிலம் வரைக்கும் போய் ஒதுக்கப்பட்டவன் என்ற பொருளில் நிலைபெற்றது. இழவு சொல்வதும் இழவுக்கு அடிப்பதும் பிறப்பினால் விதிக்கப்பட்ட ஊழியமாயின; மறுக்கும் உரிமை இல்லாத ஊழியம்.

இதை நான் புத்தகத்தில் படித்து எழுதவில்லை. எனக்கு எட்டு வயதாகும்போது என் பாட்டனார் காலமானார். ஐப்பசி மாதம், விடாத மழை. வாசலில் போட்ட பந்தலில் உறவினர் உட்கார்ந்திருந்தார்கள். பறையடிக்க வந்த நால்வர் பந்தலுக்கு வெளியே, மழையில் நின்றார்கள். தோல் நனைந்து நனைந்து ஓசை செத்துப்போக, காய்ச்சுவதற்கு எங்கள் படப்பிலிருந்து ஒரு பிடி வைக்கோல் வேண்டுமென்று அவர்களில் மூத்தவர் கைகட்டிக் கேட்டதும், கேட்டுக் கேட்டு மூன்றாம் முறைக்குப் பிறகே கொடுக்கப்பட்டதும், விடிந்தபின் கூலி மண்ணில் வீசப்பட்டதும் என் கண்ணால் கண்டவை. திண்ணையில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அவர்கள் நனைவது தெரிந்தது. அது தவறென்று தெரியவில்லை. அது தெரியாமல் வளர்க்கப்பட்டேன் என்பதைத்தான், அம்மா அன்று சொல்லாமல் விட்ட காரணம் எனக்கு நினைவூட்டிற்று.

கீழே வைத்தவர்கள், மீண்டும் எடுத்தவர்கள்

தீண்டாமையை ஒழிக்கும் 17-ஆவது ஷரத்தோடு அரசியல் சாசனம் 1950-இல் அமுலுக்கு வந்தது. ஆனால் கிராமங்களில் அந்த ஷரத்தைச் செயலாக்கியவர்கள், இனி அடிக்கமாட்டோம் என்று சொல்லிப் பறையைக் கீழே வைத்தவர்களே. அதற்காக வேலை இழந்தவர்கள் உண்டு, அடிபட்டவர்களும் உண்டு. பறையை உடைத்துப் போட்டவர்களின் ஆவேசத்தையும், அதனைக் கௌரவத்தின் சின்னமாக்கி மீண்டும் தோளில் ஏற்றியவர்களின் உறுதியையும் ஒன்றுக்கொன்று விரோதமானவையென்று நான் கருதவில்லை. நிர்ப்பந்தத்தினால் ஏந்திய கருவியை முதலில் கீழே வைக்க முடிந்தவர்களுக்கே, அதைச் சுயவிருப்பத்தினால் மறுபடியும் எடுக்கும் சுதந்திரம் வாய்க்கிறது.

அப்படி எடுத்தவர்களின் சரித்திரம் பெரிது. மதுரையில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராயிருந்த தியோபிலஸ் அப்பாவு, நாட்டார் இசையையே ஒடுக்கப்பட்டோரின் வழிபாட்டு இசையாக்கினார். திண்டுக்கல்லில் சகோதரி சந்திரா தோற்றுவித்த சக்தி கலைக்குழுவில், ஆண்களுக்கே உரியதென்று கருதப்பட்ட பறையை ஒடுக்கப்பட்ட வகுப்புகளின் இளம்பெண்கள் ஏந்தினார்கள். அவர்களைப் பற்றி அமெரிக்க இசையியலாளர் ஜோ ஷெரினியன் ஆவணப்படமே எடுத்திருக்கிறார். 2007-இல் தொடங்கிய சென்னை சங்கமம், கிராமத்துக் கலைகளைத் தலைநகரின் பூங்காக்களுக்குக் கொண்டுவந்தது. மட்டக்களப்பில், பறைமேளக் கூத்து வாழும் மண்ணில், கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்களின் இன்னிய அணியில் பறை முன்னிடம் பெற்றது. மதுரை மாவட்டத்து அலங்காநல்லூரைச் சேர்ந்த பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டபோது, எங்கள் கண்மாய்க்கரைக் குழுவினர் இனிப்பு வாங்கிக் கொடுத்தார்கள். எங்கள் ஆசான் மட்டும் ஒன்றும் பேசாமல் தன் பறையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மார்கழியில் கேட்டது

தமிழ் இலக்கியத்தில் பறை வேண்டுமென்று கேட்டுச் சென்ற முதல் இளைஞர் கூட்டம் எது என்று யோசித்தால், ஆண்டாளின் ஆய்ச்சிறுமியர் நினைவுக்கு வருகிறார்கள். விடியற்காலையில் ஒருத்தியை ஒருத்தி எழுப்பி, ஒருவரையும் விட்டுவிடாமல் கூட்டம் சேர்த்துக்கொண்டு, கண்ணனிடம் போய்ப் பறை கேட்கிறார்கள். திருப்பாவையின் முப்பது பாட்டுகளில் அந்தச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது. பெரியோர்கள் அதற்குப் புருஷார்த்தம் என்றும் கைங்கரியம் என்றும் உட்பொருள் கண்டார்கள். ஆண்டுதோறும் மார்கழியில் வீடுதோறும் அந்தச் சொல்லை வாயாரப் பாடிவிட்டு, அதே வீட்டு வாசலில் பறையேந்தியவனை மழையில் நிறுத்திய ஒரு சமூகத்தைப் பற்றி நான் என்ன சொல்ல? அந்தச் சமூகத்தின் பிள்ளை நான்.

சபைகளின் மாதமாகவே இருந்த அந்த மார்கழியில், 2020 முதல் நீலம் பண்பாட்டு மையத்தார் 'மார்கழியில் மக்களிசை' என்ற பெயரில் பறையையும் ஒப்பாரியையும் கானாவையும் மேடையேற்றி வருகிறார்கள். கேட்க வேண்டிய மாதத்தில் கேட்க வேண்டியது கேட்கிறது. திருப்பாவையின் முடிவை நெருங்குகையில் அச்சிறுமியர், இந்தப் பறைக்காக மட்டும் நாங்கள் வரவில்லை என்று கண்ணனிடமே சொல்லிவிடுகிறார்கள். அவர்கள் கேட்டது ஒன்று. வந்த பிறகு கண்டுகொண்டது அதனினும் பெரிது. ஒரு பறைக்குழுவில் சேரும் பிள்ளைக்கும் அப்படித்தான் நேர்கிறதென்பதை என் வீட்டிலேயே கண்டேன்.

சேர வருகிறவர்களுக்கு

பறை கற்க விரும்பும் இளைஞர்கள் இன்று நகரங்களிலும் கடல் கடந்த நாடுகளிலும் பெருகியிருக்கிறார்கள், இது மகிழத்தக்கது. அவர்களுக்கு நான் பணிவோடு சொல்ல விரும்புவது ஒன்றுண்டு. விரும்பி எடுத்தவனுக்குக் கைதட்டல் எளிதில் கிடைத்துவிடுகிறது. விதிக்கப்பட்டு ஏந்தியவனுக்குத் தலைமுறை தலைமுறையாக அது கிடைத்ததில்லை. ஆகவே வித்தையை இணையத்துப் படங்களைப் பார்த்து மட்டும் பிடித்துக்கொள்ளாமல், அதை உடம்பில் காத்து வைத்திருக்கிற ஓர் ஆசானைத் தேடிச் செல்லுங்கள். அவருக்கு உரிய தட்சிணையைத் தாமதமின்றிக் கொடுங்கள். ஓர் அடியைக் கற்றால் அது எந்தச் சமயத்துக்குரியது, எந்த ஊரில் யாரிடமிருந்து வந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நிகழ்ச்சிக்கு அழைக்கிறவர்கள் கலைஞர்களை எங்கே உட்கார வைக்கிறார்கள், எந்தத் தட்டில் சோறு போடுகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். அங்கே குறை கண்டால், பறையைத் தோளிலிருந்து இறக்கிவிடும் உரிமையும் இந்த வித்தையின் ஒரு பாடமே. தீ மூட்டுவதையும் வைக்கோல் பொறுக்குவதையும் பிறருக்கு விட்டுவிட்டு, அடிக்க மட்டும் முன்னே வராதீர்கள்.

பந்தலுக்குள்

சென்ற தை மாதம், எங்கள் ஆசானுக்குப் பறை சொல்லிக்கொடுத்த முதியவர், எண்பதைக் கடந்தவர், காலமானார். கூலிக்காகச் சாவுக்கு அடிப்பதில்லை என்று ஆசான் பல வருஷங்களுக்கு முன்பே சங்கற்பம் செய்துகொண்டவர். அன்று அவரே குழுவினர் எல்லாருக்கும் தொலைபேசியில் சொன்னார்: கட்டாயமில்லை, வர விரும்புகிறவர்கள் வரலாம்.

"சித்தப்பா, நான் போறேன்" என்று அண்ணன் மகள் என்னிடம் சொன்னாள். அது அனுமதி கேட்கும் குரலன்று. அண்ணன் வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு, வண்டிச் சாவியை எடுத்தார். அம்மா உள்ளேயிருந்து பார்த்தார், தடுக்கவில்லை. அவர்கள் முன்னே செல்ல, நான் இன்னொரு வண்டியில் பின்னால் போனேன்.

காலனியின் குறுகிய தெரு. உச்சி வெயில். முதியவரைக் கிடத்தியிருந்த வீட்டு வாசலில் சிறிய பந்தல்; உள்ளே உறவினர்கள். பிள்ளைகள் 14 பேரும் பந்தலுக்கு வெளியே, தெருவில் வட்டமாக நின்று, ஓலைத் தீயில் காய்ச்சிய பறையை மாட்டிக்கொண்டு மாரடிப்பு அடியைத் தொடங்கினார்கள். ஆசானின் கண்களில் நீர் வழிந்தது. கை மட்டும் தவறவில்லை. என் அண்ணன் மகள் கண்ணை மூடிக்கொண்டு, பக்கத்துக் கையைக் கேட்டு, அடித்துக்கொண்டிருந்தாள். எங்கள் தெருவிலிருந்து அந்தத் தெருவின் துக்கத்துக்கு ஒருவர் பறையடித்தது, நான் அறிந்தவரையில், அதுவே முதல் தடவை. அவளை அங்கே போகும்படி விதித்தவர் யாருமில்லை.

இரண்டு சுற்று முடிந்திருக்கும். வீட்டுக்குள்ளிருந்து முதியவரின் மருமகள் அழுத முகத்தோடு எழுந்து வந்தார். பந்தலில் உட்கார்ந்திருந்தவர்களைச் சற்றுத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, தெருவில் நின்றவர்களைப் பார்த்து, "ஏன்டா வெயில்ல நிக்கிறீங்க? உள்ள வந்து அடிங்கய்யா. நீயும் வா தாயி" என்றார்.

பிள்ளைகள் உள்ளே போனார்கள். வெளியே தனித்து நின்ற அண்ணனையும் என்னையும் அந்த அம்மாள் அப்போதுதான் கண்டார். கண்டதும் எங்களுக்கும் பந்தலில் இடம் காட்டினார்.